கூனிமலைத் தோட்டத்துக் கரண்ட் திருட்டு

லிந்துலையிலிருந்து மேலே ஏறினால், மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற மூன்றாவது வளைவில் கூனிமலைத் தோட்டம் வந்துவிடும். இங்கிலீஷில் அதற்கு வேறு பெயர். பங்களா வாசலில் பித்தளைத் தகட்டில் அடித்து வைத்திருந்தார்கள். அதை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவர்கள் தோட்டத்தில் ஐந்து பேர். அந்த ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்தாலே வயிறு எரிகிறவர்கள். பெரிய கிளாக்கருக்குத் தொழிற்சாலையைப் பார்க்கிற டீமேக்கரைக் கண்டால் ஆகாது, டீமேக்கருக்கு மலைவேலையைப் பார்க்கிற கண்டாக்கையாவைக் கண்டால் ஆகாது, இப்படியே போய் அது தோட்டத்தை நடத்துகிற பெரியதுரை வரைக்கும் போகும். பெரியதுரைக்கு எதிர்மலைத் தோட்டத்துத் துரையைக் கண்டால் ஆகாது. தோட்டம் எப்படி நடந்தது என்று கேட்டால், தேயிலையில் பாதி, வயிற்றெரிச்சலில் பாதி என்றுதான் சொல்ல வேண்டும்.

பஸ்ஸெல்லாம் அரசாங்கத்தின் கைக்குப் போன வருடம் அது. அந்த வருடம்தான் எதிர்மலைத் துரையின் காரைவிட ஒரு முழம் நீளமாக ஒரு கறுப்புக் கார் பெரியதுரைக்கு வந்து இறங்கியது. கதவைத் திறந்தால் உள்ளே தானாகவே ஒரு விளக்கு எரியும். பின்பக்கக் கண்ணாடிகளுக்குப் பச்சைத் திரை. துரை உள்ளே உட்கார்ந்து தூங்குவது கூலியாட்கள் கண்ணில் படக்கூடாது என்பதற்காகப் போட்டது.

டிரைவர் சோலைமலை. ஆறு வருடமாகத் துரை வீட்டு டிரைவர். தலையில் தொப்பி, காலில் சப்பாத்து, சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் இருக்காது. லொறி ஓட்டுகிற மூக்கனுக்கு அந்தச் சட்டையைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். மூக்கனின் வயிறு எரிகிறதென்று தெரிந்த நாளெல்லாம் சோலைமலைக்குச் சோறு நன்றாக இறங்கும்.

ஆனால் சோலைமலை வீட்டிலேயே ஒருத்திக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. அவன் பெண்சாதி நாகலெட்சுமி. பழைய கார் இருந்த காலத்திலேயே அதை அவள் சக்களத்தி என்றுதான் சொல்வாள். அது விலைக்குப் போனபோது, மூத்தவள் ஒழிந்தாள் என்று கோயிலில் தேங்காய் உடைத்தாள். அடுத்த மாதமே இளையவள் வந்துவிட்டாள். ஒரு நாள் காலையில் கொழுந்துக்கூடையோடு கார் ஷெட்டைக் கடந்து போகிறபோது உள்ளேயிருந்து புருசனின் குரல் கேட்டது.

“என்ன புள்ள, குளுருதா?”

கல்யாணம் கட்டி ஆறு வருடத்தில் இப்படி அவன் கேட்டதே இல்லை. அவள் வெட்கப்பட்டுப்போய் நின்றாள்.

“எனக்குக் குளுரலங்க” என்றாள்.

சோலைமலை காருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான். கையில் பஞ்சுத்துணி.

“ஒன்னிய யாரு கேட்டா?” என்றான்.

அன்றைக்கு அவள் பறித்த கொழுந்தில் பாதி முற்றலாக இருந்ததென்று கணக்கப்பிள்ளை ஏசினார். முற்றல் எது, தளிர் எது என்று பார்க்கிற நிலையிலா அவள் கண் இருந்தது?

கார் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் அது செத்துக் கிடந்தது. சாவியைத் திருகினால் சின்னதாக ஒரு முனகல், அவ்வளவுதான். பேட்டரியில் உயிர் இல்லை. அந்த நேரம் பார்த்து எதிர்மலைத் துரை தன் காரில் பங்களா ரோட்டில் போனார். வேண்டுமென்றே மெதுவாகப் போனார். ஹோர்னை ஒரு தடவை அடித்துவிட்டும் போனார். பெரியதுரையின் முகம் தக்காளிப்பழம் மாதிரி ஆகிவிட்டது.

“என்னா இது? சனிக்கிழமை போச்சு, இன்னிக்கு போகல. உள்ளே இருந்த கரண்ட் யார் எடுத்தான்?” என்று துரை தன் தோட்டத் தமிழில் கத்தினார்.

துரைக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். போ, வா, எடு, வெட்டு. கரண்ட் எங்கே போயிற்று என்று கேட்க நினைத்தவர், இருந்த சொல்லை வைத்துக்கொண்டு கேட்டார். ஆனால் பக்கத்தில் நின்றது பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி. துரை ‘எடுத்தான்’ என்று சொன்ன பிறகு எடுக்காமல் இருக்க யாருக்குத் தைரியம் வரும்? அன்றைக்கே ஆபீஸில் கோப்பு திறந்தாயிற்று. கோப்பின் தலைப்பு, ‘துரையவர்களின் காரிலிருந்து கரண்ட் திருட்டு.’

சோலைமலையை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

“வண்டியின் சாவி யாரிடம்?” என்றார் கணேசமூர்த்தி.

“எங்கிட்டங்கய்யா.”

“ஷெட்டின் சாவி?”

“அதுவும் எங்கிட்டத்தானுங்க.”

“அப்படியானால் திருடனுக்கு மிகவும் வசதியான ஆள் நீதான். இரண்டு கிழமை, பதினான்கு நாள், தவணை தருகிறேன். காரணம் கிடைக்காவிட்டால் பத்துச்சீட்டு.”

பத்துச்சீட்டு என்றால் தோட்டத்தை விட்டே அனுப்புகிற காகிதம். வேலை, தொப்பி, லயம் என்கிற வரிசைவீட்டில் குடியிருக்கிற காம்பரா எல்லாம் அதோடு போய்விடும். சோலைமலைக்கு முதலில் நினைவுக்கு வந்தது காம்பரா இல்லை. மூக்கனின் தலையில் அந்தத் தொப்பி எப்படி உட்காரும் என்பதுதான்.

மறுநாள் கணக்கப்பிள்ளை, இரண்டு கங்காணிமாரோடு லயம் லயமாகத் திருட்டுக் கரண்டைத் தேடினார். லயத்தில் விளக்கென்றால் மண்ணெண்ணெய்க் குப்பிதான். அதனால் எவன் வீட்டில் டார்ச்லைட் இருக்கிறதோ அவன் திருடன் என்று முடிவு. தோட்டத்தில் இருந்த நான்கு டார்ச்லைட்டும் ஆபீசுக்குப் போயின. கடைசிக் காம்பராவில் காளியாயி கிழவியின் பானையைத் திறந்து பார்த்தபோது கிழவி கேட்டாள்:

“ஐயா, அந்தக் கரண்டு என்னா நெறமுங்க? எங்கனயாச்சும் கெடந்தா எடுத்தாந்து தாறேன்.”

“அது கண்ணுக்குத் தெரியாது” என்றார் கணக்கப்பிள்ளை.

“கண்ணுக்குத் தெரியாததையா தேடுறீங்க? அப்பச் சரி. நல்லாத் தேடுங்க சாமி” என்று கிழவி பானையை இன்னும் கொஞ்சம் சாய்த்துக் காட்டினாள்.

கார் அதற்கிடையில் ஒரு நாள் கிளம்பும், ஒரு நாள் முனகும், சனிக்கிழமை நிறுத்தினால் திங்கட்கிழமை நிச்சயம் செத்திருக்கும். காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு வருகிற ஆட்களில் எட்டுப் பேரைக் கார் தள்ளப் பிரித்துவிட்டார்கள். அதிலும் ஒரு ஒழுங்கு வேண்டுமே! துரையின் கண்ணாடிக்குப் பக்கத்தில் கைவைத்துத் தள்ளப் பெரிய கங்காணிக்கு மட்டும் உரிமை. அடுத்த இடம் சின்னக் கங்காணிக்கு. மற்ற ஆறு பேருக்கும் பின்பக்கம், புகைக்குழாய் இருக்கிற இடம். பெரிய கங்காணி கைவைப்பார், தள்ளமாட்டார். தள்ளினால் கூலி வேலை செய்தது மாதிரி ஆகிவிடும். அவர் கையைப் பார்த்துச் சின்னக் கங்காணிக்கு எரியும், அவரும் தள்ளமாட்டார். சோலைமலைக்கோ எட்டுப் பேரும் தன் காரைத் தொடுவது நெஞ்சில் கைவைத்த மாதிரி இருக்கும்.

“தொடைக்காத கையோட தொடாதீங்கடா! பொன்னாட்டம் பாக்குறேன் நானு!”

“நீ வேணும்னா பின்னால வந்து தள்ளு, நான் ஓட்டுறேன்” என்பான் அங்கே எட்டிப்பார்க்க வந்த மூக்கன். அவன் லொறியை எப்போதும் மேட்டில்தான் நிறுத்துவான். பேட்டரி செத்தாலும் உருண்டு கிளம்பிவிடும். லொறிக் கதவைக் கயிற்றால் கட்டியிருப்பான். அந்த லொறிக்கு ஒரு நாளும் ஒரு நோயும் வந்ததில்லை.

தலவாக்கலையிலிருந்து நஸார் நானாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பேட்டரி சார்ஜ் பண்ணுகிற பட்டறைக்காரர். அவர் காரின் மூக்கைத் திறந்து, பேட்டரியிலிருந்து ஒரு வயரைக் கழற்றி, திரும்ப மெல்லத் தொட்டார். சின்னதாக ஒரு பொறி பறந்தது.

“பாத்தீங்களா? எல்லாத்தையும் அணைச்சு வச்சிருக்கு, ஆனாலும் பொறி பறக்குது. யாரும் களவு எடுக்கல்ல. உள்ளுக்குள்ள என்னமோ ஒண்டு முழிச்சுக்கிட்டு இருந்து குடிக்குது. கதவத் தொறந்து ஒவ்வொண்டாப் பாத்தா அரை மணித்தியாலத்துல புடிச்சிரலாம்.”

“நீர் துரையவர்களின் காருக்குள் உட்காரப் போகிறீரா?” என்றார் கணேசமூர்த்தி.

“உக்காராம எப்படிங்க பாக்குறது?”

“இருபத்திரண்டு வருடமாக இந்த ஆபீஸில் இருக்கிறேன். நானே இன்னும் அதில் உட்காரவில்லை. கேளும், ஒரு காரணத்தைக் கண்டுபிடிப்பது பெரிதல்ல. யார் கண்டுபிடிப்பது என்பதுதான் பெரிது. பட்டறைக்காரன் அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்தால், ஒரு கிழமையாக நடக்கும் விசாரணைக்கு என்ன மரியாதை? நீர் பேட்டரியை மட்டும் கொண்டுபோய்ச் சார்ஜ் பண்ணிக் கொடும்.”

நஸார் நானா பேட்டரியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனார். போகிறபோது சோலைமலையிடம் மெல்லச் சொன்னார்: “தம்பி, ஒங்க காருக்கு நோய் கொறவு. ஒங்க ஆபீசுக்குத்தான் கூட.”

இரண்டு கிழமைத் தவணையில் ஒரு கிழமை போனதும் காவல் போட்டார்கள். ஷெட்டின் இரண்டு பக்கமும் இரண்டு பேர், தடியோடு, காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று உத்தரவு. திருடன் வெளியிலிருந்துதானே வருவான்? அதோடு துரையின் காரை ஒரு கூலியாள் முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பது நன்றாகவா இருக்கும்? காவல் இருக்கும்போதே கரண்ட் மறுபடியும் போயிற்று. “உள்ளாள் வேலை என்பது இதனால் நிரூபணமாகிறது” என்று கோப்பில் ஒரு வரி ஏறியது. சோலைமலையின் தொப்பியைக் கழற்றிப் பெரிய கிளாக்கரே தன் கையால் மூக்கனின் தலையில் வைத்தார். சோலைமலையைப் புல்லுவெட்டப் போட்டார்கள்.

அந்த நாட்களில் சோலைமலை எத்தனை புல் வெட்டினான் என்று யாருக்கும் தெரியாது. ஷெட்டுக்கு நேர்மேலே இருக்கிற மலையில், தேயிலைச் செடிக்கு நடுவே மண்வெட்டியை ஊன்றி, கீழே பார்த்தபடியே நின்றான். மூக்கன் காரைத் துடைக்கிறான். மூக்கன் கண்ணாடியில் மீசை பார்க்கிறான். மூக்கன் துரைக்குக் கதவைத் திறக்கிறான், சாத்துகிறான்.

கதவு சாத்துவதற்கும் அந்தத் தோட்டத்தில் ஒரு முறை உண்டு. ஒரு காலத்தில் துரையின் பெண்சாதி துரைச்சாணிக்குத் தலைவலி. கார்க் கதவு அடிக்கிற சத்தம் ஆகாது, மெதுவாகச் சாத்தச் சொல் என்று துரை கிளாக்கரிடம் சொன்னார். கிளாக்கர் அதைத் தமிழில் எழுதியபோது, ‘துரையவர்களின் கார்க் கதவை அனைவரும் மரியாதையுடன் சாத்தக் கடவர்’ என்று ஆயிற்று. மெதுவாகச் சாத்துவதற்கு ஒரு கை போதும். மரியாதையாகச் சாத்த இரண்டு கையும் வேண்டும், முதுகு வளைய வேண்டும், கதவை உள்ளங்கையால் தடவிக்கொடுக்கிற மாதிரி அழுத்தி, திரும்பாமல் இரண்டடி பின்னால் போக வேண்டும், கோயிலில் போகிற மாதிரி. துரைச்சாணி சீமைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. தலைவலியும் அவளோடு போய்விட்டது. உத்தரவு மட்டும் தோட்டத்திலேயே இருந்தது.

மூக்கன் சோலைமலையைவிட மரியாதையாகச் சாத்தினான். மூன்றடி பின்னால் போனான். மேலே நின்ற சோலைமலைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த நாகலெட்சுமி, புல்லு மலையில் புருசன் நிற்கிற கோலத்தைப் பார்த்தாள்.

“யாராச்சும் செத்துட்டாங்களாங்க?”

“பாரு அவனை. வெரலெல்லாம் கிரீசு. அந்தக் கையோட அவளத் தொடுறான் புள்ள.”

“எவள?”

சோலைமலை காரை நோக்கி மோவாயை நீட்டினான். கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குக் காய்ச்சல் கண்டு ஒரு கிழமை படுத்திருந்தபோது இந்தக் கண்ணில் ஒரு சொட்டு வந்ததா என்று நாகலெட்சுமி நினைத்தாள். நினைத்தது நினைத்தபடி, கூடையை அங்கேயே போட்டுவிட்டு, சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு இறங்கினாள். காவல்காரர்கள் இரண்டு பேரும் காருக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அவள் அவர்களைத் தாண்டிப் போனதை, முகத்துக்கு நேராகப் போனதால், நன்றாகவே பார்த்தார்கள். பொம்பளை வந்தால் தடுக்க வேண்டும் என்று உத்தரவில் இல்லை. அப்போதுதான் துரையை இறக்கிவிட்டு, நஸார் நானா வெள்ளிக்கிழமை சார்ஜ் பண்ணிக் கொடுத்திருந்த புதுத் தெம்போடு காரை ஷெட்டில் விட்டு, பின்கதவை மரியாதையாகச் சாத்திக்கொண்டிருந்தான் மூக்கன்.

“தள்ளுண்ணே அங்கிட்டு” என்று நாகலெட்சுமி பின்கதவை விரியத் திறந்தாள். உள்ளே மெத்தை, விளக்கு, பச்சைத் திரை. “ஓஹோ, இதாடி ஒன் மவுசு? எம் புருசன மலையில நின்னு அழுக வைக்கிறியா? இந்தா, வாங்கிக்க!”

ஓங்கி ஒரு அறை. கதவு போய் விழுந்த சத்தத்தில் ஷெட்டுத் தகரம் அதிர்ந்தது. பங்களாவில் சமையற்கார அப்புவின் கையிலிருந்த சூப்புத்தட்டு விழுந்தது. ஆபீஸில் பெரிய கிளாக்கரின் மைக்கூடு கவிழ்ந்து கோப்பு முழுக்க மை. கூனிமலைத் தோட்டத்தில் அந்தக் கார்க் கதவு அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சாத்தப்பட்டது.

திங்கட்கிழமை காலை கார் ஒரே தொடுதலில் கிளம்பிவிட்டது.

இதில் அதிகம் பயந்துபோனவர் கணேசமூர்த்திதான். கார் கிளம்பினால் விசாரணை என்ன ஆவது? உடனே எல்லாரையும் ஆபீஸ் வாசலில் கூட்டினார். துரை நாற்காலியில். ஒரு பக்கம் தொப்பியோடு மூக்கன், ஒரு பக்கம் மண்வெட்டியோடு சோலைமலை, நடுவில் நாகலெட்சுமி. சார்ஜ் பண்ணிய பேட்டரி எப்படி என்று பார்க்க வந்த நஸார் நானா ஓரமாக நின்றார்.

“துரையவர்களே” என்று கிளாக்கர் தொடங்கினார். “வண்டி கிளம்பியது ஒரு பக்கம். எவருடைய அனுமதியும் இல்லாமல் கிளம்பியது இன்னொரு பக்கம். சனிக்கிழமை இவள் கதவை அறைந்தாள். உத்தரவை மீறிய குற்றம் அது. அந்தக் குற்றத்துக்குப் பிறகு வண்டி கிளம்புகிறது. அப்படியானால் இவளுக்கும் திருட்டுக்கும் தொடர்பு உண்டு. எடுத்தவளுக்குத்தானே திருப்பி வைக்கத் தெரியும்? ஆகவே புருசனுக்கும் பெண்சாதிக்கும் பத்துச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஆபீஸ் கருதுகிறது.”

சோலைமலை மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கூப்பினான். “தொரைங்களே, அவ ஒண்ணும் அறியாதவ. எனக்கு வேணும்னா...”

“நான் என்னத்தங்க எடுத்தேன்?” என்றாள் நாகலெட்சுமி. “எனக்குக் கோவம், அடிச்சேன். ரெண்டு தடவ ‘டக்’குனு கேட்டுச்சு. இவுங்க சாத்துறப்ப ஒரு ‘டக்’குதான் கேக்கும். இந்தக் காரு வந்த நாளாக் கேக்குறேனே, எனக்குத் தெரியாதா?”

நஸார் நானா தலையில் அடித்துக்கொண்டார். யாரிடமும் கேட்காமல் காருக்குப் போனார். பின்கதவைத் திறந்து, பச்சைத் திரையை ஒதுக்கிவிட்டு, மூக்கனைக் கூப்பிட்டார்.

“தம்பி, நீங்க வழமையாச் சாத்துற மாதிரிச் சாத்துங்க.”

மூக்கன் இரண்டு கையாலும் சாத்தி மூன்றடி பின்னால் போனான். கதவு சாத்தியாயிற்று. கண்ணாடிக்குள்ளே விளக்கு சின்னதாக எரிந்துகொண்டிருந்தது.

“இப்ப நீங்க அடிங்க தங்கச்சி.”

நாகலெட்சுமி திறந்து ஓங்கி அடித்தாள். விளக்கு அணைந்தது.

“அரைக்கதவு” என்றார் நஸார் நானா. “முழுசாப் பூட்டல்ல. மூடியிருக்கு எண்டு நீங்க நெனைக்கிறீங்க, தொறந்திருக்கு எண்டு வெளக்கு நெனைக்குது. ராப்பகலா எரியுது. புது பேட்டரி எண்டதாலதான் கொஞ்ச நாள் தாக்குப் புடிச்சிருக்கு. திரை இருக்கிறதால ஒருத்தருக்கும் தெரியல்ல.”

துரை நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“யார் சொன்னான், இப்படி மூட?”

எல்லாருடைய கண்ணும் கிளாக்கரிடம் போயிற்று. கணேசமூர்த்தி அசரவில்லை. வேறு யாராவது என்றால் அசந்திருப்பார்கள்.

“துரையவர்களே, மரியாதைக் குறைவால் எத்தனையோ தோட்டங்களில் நட்டம் வந்திருக்கிறது. மரியாதை கூடியதால் நட்டம் வந்த ஒரே தோட்டம் நம்முடையது. இது நமக்குப் பெருமை. எதிர்மலைத் தோட்டத்தில் இந்த நோய் வரவே வராது. அங்கே அவ்வளவு மரியாதை கிடையாது.”

எதிர்மலை என்று கேட்டதும் துரையின் முகம் மலர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு பத்துச்சீட்டை யார் நினைத்தார்கள்?

“சரி” என்றார் துரை, சோலைமலையைக் கைகாட்டி. “தொப்பி அவனுக்கு. இனிமே கதவு அடி. தினம் அடி. யார் அடிப்பான்?”

சோலைமலை சிரித்தபடி ஒரு அடி முன்னால் வைத்தான். அதற்குள் டீமேக்கர், “தொழிற்சாலைக் கதவெல்லாம் என் பொறுப்பு, கதவென்றால் நான்தான்” என்றார். கண்டாக்கையா, “தோட்டத்தில் எது அடிபட்டாலும் வெளிவேலைக்காரன் என்னைக் கேட்க வேண்டும்” என்றார். பெரிய கங்காணி, கை வைப்பது தன் உரிமை என்றார். இந்த வேலை இருக்கிறதென்று பத்து நிமிடத்துக்கு முன்னால் யாருக்கும் தெரியாது. இப்போது அது இன்னொருவனுக்குப் போய்விட்டால் உயிரே போய்விடும் போலிருந்தது. கடைசியில் கோப்பு யாரிடம் இருந்ததோ அவருக்கே கதவும் போயிற்று. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெரிய கிளாக்கர் வந்து கார்க் கதவை அடிப்பார். டிரைவர் திறக்கலாம், ஓட்டலாம், துடைக்கலாம். சாத்தக் கூடாது.

நாகலெட்சுமியை மன்னித்துவிட்டார்கள், இனி எந்தக் கதவையும் உத்தரவில்லாமல் அறைவதில்லை என்று கைநாட்டு வாங்கிக்கொண்டு.

அன்று சாயங்காலம் கிளாக்கர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கையைத் துடைத்துக்கொண்டார். ஒரு தடவை சுற்றிலும் பார்த்தார், டீமேக்கர் பார்க்கிறாரா என்று. பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இருபத்திரண்டு வருட உத்தியோகத்தையும் சேர்த்து வைத்து ஒரே அடி. தொப்பியோடு பக்கத்தில் நின்ற சோலைமலை, தன் கன்னத்தில் விழுந்த மாதிரி கண்ணை மூடிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து காம்பராவில் உட்கார்ந்தான். நாகலெட்சுமி சுடச்சுட ரொட்டியும் சம்பலும் வைத்தாள். அவன் தொடவில்லை.

“காருதான் திரும்பக் கெடச்சிருச்சே, பொறவு என்னாங்க?”

“கெடச்சு? காலையில இருந்து நான் பாக்குறேன், நான் தொடைக்கிறேன். அஞ்சு மணிக்கு வந்து அந்தாளு கைய வைக்கிறாரு புள்ள. அதுவும் சிரிச்சுக்கிட்டே வைக்கிறாரு. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருக்கணுமாம். நெஞ்செல்லாம் எரியுது. இங்கன... இந்த எடத்துல... கரண்டடுப்பு வச்ச மாதிரி.”

நாகலெட்சுமி அவன் காட்டிய இடத்தைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், அடங்கவில்லை. சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பராவிலிருந்து ராக்காயி சுவரைத் தட்டினாள்.

“என்னாடி நாகு? என்னா நடந்துச்சு?”

“ஒண்ணுமில்லக்கா!” என்று நாகலெட்சுமி சுவரைப் பார்த்துக் கத்தினாள். “ஆறு வருசமா எனக்கு எரிஞ்ச எடம் எதுன்னு எங்க வீட்டுக்காரரு இன்னைக்குத்தான் தொட்டுக் காட்டுறாரு!”